சக்கரமா, சக்கரமாக நடிக்கும் மோட்டாரா? ஓரியன் விண்கல உடற்பயிற்சிக் கருவி: ஒரு நிகழ்வு ஆய்வு

நாசாவின் ஓரியன் விண்கலத்தின் பக்கவாட்டுக் கதவுக்கு நேர் கீழே, பெரிய ஷூ பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கிறது. வீரர்கள் ஏறி இறங்கும்போது அதுவே படி. விண்ணுக்குப் போனபின் அதிலிருந்து கேபிளை இழுத்து ஸ்குவாட் போடலாம், டெட்லிஃப்ட் செய்யலாம், துடுப்பு வலிப்பதுபோல் வலித்து மூச்சு வாங்கலாம். எடை சுமார் 30 பவுண்டு, அதாவது 14 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அது தரக்கூடிய உச்ச எதிர்விசை 400 பவுண்டு, கிட்டத்தட்ட 180 கிலோ. ரீட் வைஸ்மன், விக்டர் குளோவர், கிறிஸ்டினா காக், ஜெரமி ஹான்சன் ஆகிய நால்வருக்கும் நிலவைச் சுற்றிவரும் ஆர்ட்டெமிஸ் 2 திட்டத்தில் ஒதுக்கப்பட்ட உடற்பயிற்சிச் சாதனம் இது ஒன்றுதான்; ஆளுக்கு நாளொன்றுக்கு அரைமணி நேரம்.

இந்தப் பெட்டியின் வரலாற்றில் ஒரு திருப்பம் உண்டு. 2016-இல் நாசா, மனிதர் ஏறும் முதல் ஓரியன் பயணத்துக்கு 'ராக்கி' என்ற கருவியைத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தது. ஒஹையோவின் ஜின் டெக்னாலஜீஸ் உருவாக்கிய அதன் முழுப்பெயரிலேயே யோ-யோ இருந்தது. கூடவே, கொலராடோவின் டிடிஏ ரிசர்ச் செய்த 'டார்ட்' என்ற போட்டிக் கருவியின் நல்ல அம்சங்களும் அதில் சேர்க்கப்படும் என்றார்கள். அவற்றில் முக்கியமானது ஒரு சர்வோ மோட்டார், அதாவது கட்டளைக்கேற்ப விசையையும் வேகத்தையும் துல்லியமாக மாற்றும் மோட்டார். பார்பெல் தூக்கும் உணர்வைத் தரும்படி அதற்கு நிரல் எழுதலாம் என்பது யோசனை. ஆனால் ஆர்ட்டெமிஸ் 2 கலத்தைப் பற்றிப் பின்னாளில் வந்த விளக்கங்களில் கருவியின் பெயர் வெறும் ஃப்ளைவீல், அதாவது கனத்த சுழல்சக்கரம். யோ-யோபோல இயங்கும், பயிற்சி செய்பவர் எவ்வளவு கொடுக்கிறாரோ அவ்வளவே திருப்பித் தரும் என்று நாசா அதை அறிமுகப்படுத்துகிறது.

ஆக, மேசையில் இரண்டு வழிகள் இருந்தன: உண்மையான சக்கரம், அல்லது சக்கரம்போல் நடந்துகொள்ளும் மோட்டார். இரண்டையும் எண்களில் போட்டுப் பார்ப்பதே இந்த ஆய்வு. கீழே வரும் கணக்குகள் வட்டமான எண்களை எடுத்துக்கொண்டு நான் போட்டவை. நாசாவின் வடிவமைப்பு அளவுகளாக அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இடமும் எடையும்

சர்வதேச விண்வெளி நிலையத்தில் உடற்பயிற்சிக் கருவிகளின் மொத்த எடை 4,000 பவுண்டுக்கு மேல். அவை பிடித்திருக்கும் இடம் சுமார் 850 கன அடி. ஓரியனில் நான்கு பேர் உண்டு உறங்கிப் புழங்கக் கிடைக்கும் மொத்த இடமே ஏறத்தாழ 330 கன அடிதான். நிலையத்துக் கருவிகளைச் சுருக்கிக் கொண்டுபோகலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

நிலையத்தில் இருக்கும் பளுப்பயிற்சிக் கருவியான ஏ-ரெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2008 நவம்பரில் எண்டெவர் விண்ணோடத்தில் போனது. அதில் 600 பவுண்டு வரை விசை தருபவை இரண்டு வெற்றிட உருளைகள். விசை மட்டும் மாறாமல் இருந்தால் பார்பெல் தூக்குவதுபோல் இருக்காது. பார்பெல்லைக் கிளப்பும்போது அது அடம்பிடிக்கும், மேலே போனபின் நிற்க மறுக்கும். அந்த அடம்தான் நிலைமம். அதைக் கொண்டுவர ஏ-ரெட்டில் தனியாக ஃப்ளைவீல்களைச் சேர்த்தார்கள். விசையை எப்படி வேண்டுமானாலும் உண்டாக்கலாம், நிலைமத்துக்கு மட்டும் கடைசியில் ஒரு சக்கரத்திடமே போக வேண்டியிருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாக்ஹோம் யோசனை

சக்கரத்தையே முழுப் பயிற்சிக் கருவியாக்கலாம் என்று நவீன காலத்தில் காட்டியவர்கள் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் ஹான்ஸ் பெர்க்கும் பெர் டெஷ்ஷும். ஈர்ப்பைச் சாராத பளுப்பயிற்சிக் கருவி ஒன்றை, விண்வெளியை மனத்தில் வைத்து, 1994-இல் விவரித்தார்கள். எடையற்ற நிலையில் 100 கிலோ இரும்பு எடைக்கு ஆகாது. ஆனால் அதன் நிறை எங்கும் போய்விடவில்லை. சுழற்றினால் எதிர்க்கும், சுழன்றபின் நிறுத்தவிடாது.

பலன் உண்டா என்பதைப் பிரான்ஸின் டூலூஸில் 90 நாள் படுக்கை ஓய்வுச் சோதனையில் பார்த்தார்கள். தலை சற்றுத் தாழ்ந்த நிலையில் படுத்தே கிடந்தவர்களில் பயிற்சி செய்யாதோருக்குத் தொடையின் முன்புறத் தசை 18 சதவீதம் கரைந்தது. மூன்று நாளுக்கு ஒருமுறை ஃப்ளைவீல் பயிற்சி செய்தவர்களுக்குத் தொடைத்தசை குறையவே இல்லை. கெண்டைக்கால் தசையின் கதை வேறு: பயிற்சி இல்லாதவர்களுக்கு 29 சதவீதம் இழப்பு, பயிற்சி செய்தவர்களுக்கும் 15 சதவீதம் இழப்பு. தொடை பிழைத்தது, கெண்டைக்கால் பாதிதான் பிழைத்தது. இந்த எண்ணைப் பிறகு மீண்டும் எடுக்கிறேன், ஏனென்றால் மோட்டாரின் வழக்கு முழுவதும் அதில்தான் நிற்கிறது.

சக்கரத்தின் கணக்கு

அச்சில் கேபிள் சுற்றியிருக்கிறது. அச்சோடு சக்கரம் பிணைந்திருக்கிறது. கேபிளை இழுப்பவருக்கு அந்தச் சக்கரம் எத்தனை கிலோ நிறையாகத் தெரியும்? நிலைமத் திருப்புத்திறனை (சுழல வைப்பதைச் சக்கரம் எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு) அச்சு ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும். பயிற்சிக் கருவிகளில் புழங்கும் நடுத்தரமான சக்கரம் 0.05 கிலோகிராம் மீட்டர் வர்க்கம், அச்சின் ஆரம் 2 சென்டிமீட்டர் என்று வையுங்கள். 0.05-ஐ 0.0004-ஆல் வகுக்க, 125 கிலோ. நான்கைந்து கிலோ எடையுள்ள ஒரு தட்டு 125 கிலோ நிறையாக நடந்துகொள்ளும். ஓரியனுக்கு இது ஏன் ஏற்றது என்று விளக்க இந்த ஒரு வரியே போதும்.

இப்போது ஒரு ஸ்குவாட். 500 நியூட்டன் விசையில் அரை மீட்டர் இழுக்கிறோம். முடுக்கம் வினாடிக்கு வினாடி 4 மீட்டர். அரை வினாடியில் கேபிளின் வேகம் வினாடிக்கு 2 மீட்டர் ஆகிறது. சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 950 சுற்று வேகத்தில் ஓடுகிறது. அதில் 250 ஜூல் ஆற்றல் சேர்ந்திருக்கிறது.

கேபிள் முழுதும் அவிழ்ந்தபின் சக்கரம் நிற்பதில்லை. அதே திசையில் சுழன்றுகொண்டே கேபிளை மறுபக்கமாகச் சுற்றி உள்ளிழுக்கத் தொடங்கும். ஜிம்மில் நெகட்டிவ் என்று சொல்லும் கட்டம் இதுதான்: தசை நீண்டுகொண்டே தாங்குவது. அந்த 250 ஜூலையும் உங்கள் கால் உறிஞ்சியாக வேண்டும். அரை மீட்டர் முழுக்கச் சீராகப் பிடித்தால் மீண்டும் 500 நியூட்டன். முதல் கால் மீட்டரைச் சும்மா விட்டுவிட்டு, மிச்சமுள்ள கால் மீட்டரில் மட்டும் பிடித்தால் 1000 நியூட்டன். தூக்கியதைவிட இருமடங்கு பாரத்தைத் தாங்கிப் பழகும் வித்தை இதுவே. கருவியில் எந்தத் திருகும் இல்லை, எங்கே பிடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம்.

இந்த வித்தையைப் பற்றி ஃப்ளைவீல் விற்பவர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். உராய்வு போக, போட்டதைவிடக் குறைவான ஆற்றலே எப்போதும் திரும்பி வரும். பழகாத ஒருவர் ஏறினால் தொடக்கத்திலிருந்தே பிடித்துக்கொண்டு இறங்குவார். நெகட்டிவ் பாரம் தூக்கிய பாரத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

மோட்டார் அதே வேடம் கட்டினால்

சக்கரத்தைக் கழற்றிவிட்டு, 5 சென்டிமீட்டர் ஆரமுள்ள டிரம்மை ஒரு சர்வோ மோட்டாரில் மாட்டுகிறோம். கேபிளில் விசையை அளக்கும் லோடு செல், மோட்டாரில் அது எவ்வளவு சுழன்றது என்று சொல்லும் என்கோடர். கணினிக்குள் மட்டுமே ஒரு சக்கரம் சுழலும்.

எழுதக்கூடிய நிரல் இரண்டு வகை. ஒன்று, கேபிளின் முடுக்கத்தை அளந்து, 125-ஆல் பெருக்கி, அந்த விசையை மோட்டாரிடம் கேட்பது. பார்க்க எளிது, செய்து பார்த்தால் நடுங்கும். என்கோடர் தருவது நிலை மட்டும். முடுக்கத்துக்கு அதை இருமுறை வகையிட வேண்டும், ஒவ்வொரு முறையும் இரைச்சல் பெருகும். வடிகட்டினால் தாமதம் வரும். தாமதமாக வரும் பெரிய விசை கேபிளை அதிர வைக்கும். மற்றொரு வழி தலைகீழானது: லோடு செல் சொல்லும் விசையை 125-ஆல் வகுத்து, கற்பனைச் சக்கரத்தின் முடுக்கத்தைக் கண்டு, அதைக் கூட்டிக்கூட்டி வேகமாக்கி, அந்த வேகத்தில் ஓடும்படி மோட்டாருக்குக் கட்டளையிடுவது. தொகையிடும்போது இரைச்சல் அடங்குகிறது. பெரிய சக்கரங்களை நடிக்க இரண்டாவது வழியே சரி.

சிறிய சக்கரத்தை நடிக்கத்தான் மோட்டாருக்குக் கஷ்டம், ஏனென்றால் அதற்குள்ளேயே ஒரு சக்கரம் இருக்கிறது. 1000 நியூட்டன் வேண்டுமானால் இந்த டிரம்மில் 50 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை தேவை. அதை நேரடியாகத் தரும் மோட்டார் கனமாக இருக்கும். எனவே பத்துக்கு ஒன்று கியர் வைப்போம். மோட்டாருக்குள் சுழலும் பகுதியான ரோட்டாரின் நிலைமத் திருப்புத்திறன் 0.0005 என்றாலும், கியர் விகிதத்தின் வர்க்கத்தால் பெருகி டிரம்மில் 0.05 ஆகிவிடும். கேபிள் முனையில் அது 20 கிலோ. மோட்டாரை அணைத்து வைத்தாலும் அந்த 20 கிலோ போகாது. நிரலால் ஓரளவு மறைக்கலாம், முழுக்க அழிக்க முடியாது.

இந்த 20 கிலோ உண்மையில் வலிக்கும் இடம் திருப்பம். யோ-யோவில் கேபிள் முடிந்ததும் என்ன நடக்கிறது? கேபிள் கட்டியிருக்கும் புள்ளி அச்சைச் சுற்றி அரைச்சுற்று போகிறது. 950 சுற்று வேகத்தில் அதற்கு ஆகும் நேரம் சுமார் 31 மில்லி வினாடி. அந்த நேரத்துக்குள் கேபிளின் வேகம் வெளியே 2 மீட்டரிலிருந்து உள்ளே 2 மீட்டராக மாறிவிடுகிறது. சக்கரத்துக்கு இதில் எந்தச் சிரமமும் இல்லை, அது திசையே மாற்றவில்லை. மோட்டாரோ தன் ரோட்டாரை நிறுத்தித் திருப்பி ஓட்ட வேண்டும். 20 கிலோவை, மொத்தம் 4 மீட்டர் வேக மாற்றத்துக்கு, 31 மில்லி வினாடியில் திருப்ப வேண்டுமானால் 2,580 நியூட்டன் தேவை. கையில் இருப்பது 1000. ஆகவே 80 மில்லி வினாடி ஆகும்.

வித்தியாசம் 50 மில்லி வினாடிதான், உணர முடியுமா? முடியும். ஃப்ளைவீலில் பழகியவர்கள் எதிர்பார்க்கும் அந்தத் திடீர் கவ்வல் இந்த இடத்தில்தான் இருக்கிறது. மோட்டாரில் அது மழுங்கியே வரும். முழங்கால் புண்பட்டுத் தேறி வருபவருக்கு மழுங்கிய கவ்வல் நல்லது. கால்பந்து வீரரின் பின்தொடையைத் தயார் செய்பவருக்கு அந்தக் கூர்மைதான் வேண்டும். தவிர, கேபிள் எந்த நீளத்தில் முடிகிறது என்பதை உண்மைச் சக்கரம் தானாக அறியும். மோட்டாருக்கு அதைச் சொல்லித் தர வேண்டும். ஆள் கொஞ்சம் குட்டையாக நிமிர்ந்தால் கேபிள் தொய்யும். தொய்வைக் கண்டுபிடித்து மெல்ல வாரிச் சுருட்டாவிட்டால், அடுத்த நொடி கேபிள் விறைக்கும்போது சவுக்கடிபோல் இறங்கும்.

மின்சாரமும் வெப்பமும்தான் தடை என்று பலரும் நினைப்பார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. இழுக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராகி 250 ஜூலை மின்தேக்கியில் சேர்க்கட்டும். போகும்போதும் வரும்போதும் 80 சதவீதத் திறன் என்றால் 160 ஜூல் திரும்பும், 90 ஜூல் வெப்பமாகப் போகும். நிமிடத்துக்கு 25 வலிப்பு வீதம் அரைமணி நேரம் துடுப்பு வலித்தால் 750 வலிப்பு. சராசரி வெப்பம் 38 வாட்டுக்கு மேல் போகாது. வியர்க்க விறுவிறுக்க வலிக்கும் ஆளின் உடம்பு விடும் வெப்பத்துக்கு முன்னால் இது பொருட்டே அல்ல. ஓரியனின் நான்கு சூரியத் தகட்டு இறக்கைகள் தருவது 11 கிலோவாட். 2 கிலோவாட் உச்சம் ஒரு நொடிக்கும் குறைவாக வந்துபோவதை மின்தேக்கியே தாங்கிக்கொள்ளும்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில். சக்கரம், நீங்கள் போடாத ஆற்றலை ஒருபோதும் உங்கள் மேல் திருப்பாது. கைவிட்டால் கேபிளைச் சுருட்டிக்கொண்டு மெல்ல அடங்கும். அது பழுதாக வேண்டுமென்றால் பேரிங் போக வேண்டும், அல்லது கேபிள் அறுந்துபோக வேண்டும். 400 பவுண்டு வலிமையுள்ள மோட்டாரோ, லோடு செல் ஒன்று தவறான எண்ணைச் சொன்னால்கூட, ஸ்குவாட்டின் அடியில் இருக்கும் ஆளை அதே 400 பவுண்டோடு தரையை நோக்கி இழுக்கக்கூடியது. அதைத் தடுக்க இரண்டாவது சென்சார், தனி பிரேக், வேக வரம்பு, அவசர நிறுத்தம், இவை அத்தனையையும் சோதித்துச் சான்றளித்த மென்பொருள். ஒவ்வொன்றும் கிராம் கணக்கில் எடை, மாதக் கணக்கில் வேலை. மருத்துவமனை நான்கு லட்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கலத்தில் இதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஏறத்தாழ பத்து நாள் பயணத்துக்கு, 14 கிலோவுக்குள், படியாகவும் மிதிபடப் போகிற ஒரு பெட்டிக்கு, சக்கரம்தான் சரியான விடை. நான் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தாலும் அதற்கே கைதூக்கியிருப்பேன். பத்து நாளில் கரையும் தசை, வீடு திரும்பி எளிதில் மீட்கக்கூடியது.

மோட்டாருக்கு எங்கே இடம்?

பூமியில் அதற்கு ஏற்கெனவே இடம் கிடைத்துவிட்டது. ஸ்வீடனின் 1080 மோஷன் கருவிகளில் இழுக்கும்போது ஒரு பாரம், திரும்பும்போது வேறு பாரம் என்று தனித்தனியாக அமைக்கலாம். அமெரிக்காவில் 2018-இல் வந்த டோனல், சுவரில் மாட்டிய பலகையிலிருந்து மின்காந்தத்தால் 200 பவுண்டு வரை தந்தது. நெகட்டிவ் கட்டத்தில் மட்டும் பாரத்தைக் கூட்டும் ஏற்பாடும் அதில் உண்டு. எங்கே பிடிப்பது என்ற வித்தை தெரியாதவருக்கும் நெகட்டிவ் மிகுபாரம் கிடைப்பது இங்கேதான். உராய்வில் போன ஆற்றலை மின்கம்பியிலிருந்து எடுத்து ஈடுகட்ட முடியும் என்பதும் சக்கரத்தால் ஆகாத காரியம். அதோடு ஒவ்வொரு இழுப்பின் விசையும் வேகமும் பதிவாகிறது. ஆறு வாரத்துக்கு முன் வலது கால் எப்படி இருந்தது என்று பிசியோதெரபிஸ்ட் எடுத்துப் பார்க்கலாம்.

நீண்ட விண்பயணத்தில் மோட்டார் தன் வழக்கை மறுபடி வாதாட வேண்டிய இடம், டூலூஸில் பாதியே பிழைத்த அந்தக் கெண்டைக்கால். அங்கே தசை குறைந்ததற்கு ஒரே காரணம் இருக்காது. நிற்பதும் நடப்பதும் நின்றுபோவதே கெண்டைக்காலுக்குப் பெரிய அடி, எந்தக் கருவியும் அதை அரைமணி நேரத்தில் ஈடுசெய்யாது. ஆனால் சக்கரத்தின் கணக்கிலும் ஒரு குறை தெரிகிறது. குதிகாலை உயர்த்தும் அசைவு 8 சென்டிமீட்டர்தான். அதே 125 கிலோ சக்கரத்தை 1000 நியூட்டனில் உந்தினால் 0.14 வினாடியில் அசைவே முடிந்துவிடும். தசை தன் முழு விசையை எட்டுவதற்கே கால் வினாடி அளவு வேண்டும். வலுவைக் காட்டுவதற்குள் தூரம் தீர்ந்துவிடுகிறது.

கற்பனைச் சக்கரமாக இருந்தால், ஒரு பொத்தானில் 125-ஐ 500 கிலோவாக மாற்றலாம். அசைவு 0.28 வினாடிக்கு நீளும். தசைக்கு விசையைத் திரட்ட நேரம் கிடைக்கும். ஸ்குவாட்டுக்கு ஒரு நிலைமம், குதிகாலுக்கு வேறு, தோளுக்கு இன்னொன்று. செவ்வாய் செல்லும் நீண்ட பயணத்தில் மருத்துவர் பூமியிலிருந்தபடியே மாற்றி அனுப்பலாம்.

ஆனாலும் சக்கரத்துக்காரர் இதற்கும் பதில் வைத்திருப்பார். கேபிள் சுற்றும் ஆரத்தைப் பாதியாக்கினால் நிறை நான்கு மடங்காகத் தெரியும்: 2 சென்டிமீட்டருக்குப் பதில் 1 சென்டிமீட்டர், 125-க்குப் பதில் அதே 500. அச்சைக் கடையும்போது சிறிய ஆரத்தில் இரண்டாவது பள்ளம் ஒன்றைச் சேர்த்துக் கடைந்தால் போயிற்று. அந்த லேத் வேலைக்கு ஆகும் எடை சில கிராம். மோட்டார் வடிவமைப்பவர் முதலில் போட்டியிட வேண்டியது இந்தப் பள்ளத்தோடுதான்.